ஏன் இங்கே?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். பழைய கட்டடங்களுக்குள் நவீனச் சிற்பங்களை வைப்பது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். 2019இல் மகன் குடும்பத்தோடு ஜெய்ப்பூர் போயிருந்தேன். நாஹர்கர் கோட்டையில் மாதவேந்திர பவனம் என்ற அரண்மனைக்குள் சிற்பக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. சுவரெல்லாம் அழகான பூவேலை. அறைக்குள் பார்த்தால் எனக்குப் புரியாத உருவங்கள். "தாத்தா, இதை ஏன் இங்க வெச்சிருக்காங்க?" என்று பேரன் கேட்டான். அப்போது அவனுக்கு எட்டு வயது. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, இன்றும் தெரியாது. அரண்மனையை அரண்மனையாகப் பார்ப்போம், சிற்பத்தை அதற்குரிய கூடத்தில் பார்ப்போம் என்று விட்டுவிடக் கூடாதா? மாமல்லபுரத்துக் கல்தச்சரின் வேலைக்கு முன் இவையெல்லாம் நிற்குமா? புதுச்சேரியிலும் இப்படி நடக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு வருத்தமாகவே இருந்தது.

ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

*

அன்புள்ள ஐயா,

வணக்கம். இப்படிப்பட்ட கண்காட்சிகளுக்குப் போகும்போது நானும் உங்கள் பேரன் கேட்டதையேதான் கேட்டுக்கொள்கிறேன். இதை ஏன் இங்கே வைத்தார்கள்? பதில் கிடைத்தால் அங்கேயே நின்றுவிடுவேன். கிடைக்காவிட்டால் அடுத்த அறைக்குப் போய்விடுவேன்.

நாஹர்கர் 1734இல் எழுந்த கோட்டை. மாதவேந்திர பவனம் அதற்கு ரொம்பப் பிந்தியது. இரண்டாம் சவாய் மாதோசிங், அரசிகளுக்காக ஒரே மாதிரி ஒன்பது வீடுகளைக் கட்டி ஒரு நடைவழியால் இணைத்தார். 2017 டிசம்பரில் டெல்லியில் கலைக்கூடம் நடத்தும் பீட்டர் நாகி தேர்ந்தெடுத்த சிற்பங்களோடு அங்கே கண்காட்சி தொடங்கியது. அது தர்பார் மண்டபம் இல்லை, பெண்கள் வாழ்ந்த வீடு. காலி அறையாக இருந்தால் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவோம். ஆள் உயரத்தில் ஓர் உருவம் உள்ளே நிற்கும்போது அதைச் சுற்றி நடக்கிறோம். அப்போதுதான் அறை எவ்வளவு சின்னது, ஜன்னல் எந்த உயரத்தில் இருக்கிறது, வெளிச்சம் எங்கே விழுகிறது என்பதெல்லாம் கண்ணில் படுகிறது. அதற்காக அங்கிருந்த எல்லாச் சிற்பமும் பொருந்தியது என்று சொல்ல மாட்டேன். சிலவற்றை எந்த ஊரில் எந்த அறையில் வைத்திருந்தாலும் ஒன்றுதான். பேரன் அப்படி ஒன்றின் முன்னால் நின்று கேட்டிருந்தால், அவன் கேட்டது நியாயம்.

ஆனால் சிற்பத்துக்குத் தனிக் கூடம் என்பது நம் ஊருக்குப் பிற்காலத்தில் வந்த பழக்கம். உங்கள் மாவட்டத்திலேயே சிதம்பரம் இருக்கிறது. கிழக்குக் கோபுர நடைவழியில் இரண்டு பக்கமும் 108 கரணங்கள், அதாவது நடன நிலைகள், கல்லில் செதுக்கியவை. வெயிலில் இருந்து அந்த நிழலுக்குள் நுழைந்ததும் கண் பழகச் சில நொடி பிடிக்கும். அப்புறம்தான் தூக்கிய காலும் வளைந்த இடுப்பும் ஒவ்வொன்றாகத் தெரியும். நாம் நடக்க நடக்க அந்த ஆட்டமும் கூடவே நகரும். அந்தக் கற்களைப் பெயர்த்து ஒரு மண்டபத்தில் விளக்குப் போட்டு வரிசையாக வைத்தால், கரணங்கள் 108ம் இருக்கும், நடை போய்விடும்.

இதே அனுபவம் எனக்குப் புதிய சிற்பம் ஒன்றிலும் கிடைத்தது. 2014இல் கொச்சி பினாலே என்ற கலைத் திருவிழாவில் பெப்பர் ஹவுஸுக்குப் போனேன். பழைய ஓட்டுக் கிடங்கு, பின்பக்கம் காயல். அறைக்குள் நுழைந்ததும் கண்ணுக்கு முன்னால் மூக்குதான் விழித்தது. பெனிதா பெர்சியல் திருவண்ணாமலைக்காரர். சாம்பிராணி, வெள்ளைப்போளம், பட்டை, கிராம்பு என்று இடித்துச் சேர்த்து கிறிஸ்தவ உருவங்களை வார்த்து வைத்திருந்தார். மிளகும் பட்டையும் கப்பலேறிய கரை அது. அந்தக் கடல் வணிகத்தின் வழியாகத்தான் கிறிஸ்தவமும் அங்கே வந்து இறங்கியது. எந்த விளக்கப் பலகையையும் நான் படிக்கவில்லை, அந்த வாசனையிலேயே எல்லாம் இருந்தது. வெள்ளைச் சுவர் வைத்த ஏசி அறையில் அதே உருவங்களை வைத்திருந்தால் நல்ல சிற்பங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருப்பேன். அந்தக் கிடங்கில் என்னால் சீக்கிரம் வெளியே வர முடியவில்லை.

மாமல்லபுரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் கல்தச்சரையும் நவீனச் சிற்பியையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை. பிரிட்டிஷ் சிற்பி ஸ்டீஃபன் காக்ஸ் 1986இல் மாமல்லபுரத்துக்கு வந்து, நம் தச்சர்களோடு சேர்ந்து நம் கல்லிலேயே வேலை செய்தவர். கல் ஒன்றுதான், கையும் ஒன்றுதான்.

சரி, புதுச்சேரிக்கு வருகிறேன். நான் ஆசைப்படுவதற்குக் காரணம், இது மண்ணும் சூளையும் தெரிந்த ஊர். வில்லியனூர் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 1971இல் இங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்பாண்டப் பட்டறையைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ரே மீக்கர், பச்சை மண்ணால் வீடு கட்டி, அந்த வீட்டையே சூளையாக்கி உள்ளே தீ மூட்டிச் சுட்டுப் பார்த்தவர். இப்படிப்பட்டவர்களின் வேலையைப் பழைய கிடங்கிலும் தாழ்வாரத்திலும் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஆனால் உங்கள் வருத்தத்தில் ஒரு பயமும் இருக்கிறது. அது எனக்கும் உண்டு. 2014 நவம்பர் மழையில் மேரி என்ற பழைய நகராட்சிக் கட்டடம் இடிந்து விழுந்தபோது மறுநாள் போய்ப் பார்த்தேன். அத்தனை பெரிய தூண்கள் இருந்த இடத்தில் ஈரச் செங்கல்லும் சுண்ணாம்பும் குவிந்து கிடந்தன. இப்போது அதே இடத்தில் திரும்பக் கட்டிவிட்டார்கள். அந்தக் குவியல் எனக்கு மறக்கவில்லை. அதனால் சொல்கிறேன், இங்கே கண்காட்சி வைப்பவர்கள் சுண்ணாம்புச் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. கடல் உப்பு ஏறி அது ஏற்கெனவே பூத்துக் கிடக்கிறது. தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் மாடியில் கருங்கல்லை ஏற்றக் கூடாது. கட்டடம் தாங்காது என்றால் சிற்பம் வெளியிலேயே நிற்கட்டும்.

எதுவுமே வைக்க வேண்டாத கட்டடமும் இங்கே உண்டு. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதி, 1937இல் கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் வடிவமைப்பில் கட்டத் தொடங்கியது. காற்றையும் வெளிச்சத்தையும் அளந்து விடும் கான்கிரீட் பட்டைகள்தான் அதன் முகம். பித்தளைப் பாத்திரங்களை உருக்கி அதன் கதவுக் கீல்களையும் பிடிகளையும் வார்த்தார்கள். அங்கே ஒரு சிற்பத்தைக் கொண்டுபோய் வைத்தால், ஏன் இங்கே என்று முதலில் கேட்பவன் நானாகத்தான் இருப்பேன்.

பேரன் இப்போது வளர்ந்திருப்பான். ஒருநாள் புதுச்சேரிக்கு அழைத்து வாருங்கள். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்களை அவனுக்குக் காட்ட வேண்டும். செஞ்சி 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போன பிறகு அங்கிருந்து இங்கே வந்தவை அவை. ஒரு காலத்தில் கூரையைத் தாங்கிய தூண்கள், இப்போது மேலே ஆகாயம்தான். அவன் அன்று கேட்ட கேள்வியை இந்தத் தூண்களிடமும் கேட்கட்டும். இதற்குப் பதில் உண்டு, ஜெயித்தவர்கள் எடுத்து வந்தார்கள். அதை அவனிடம் மறைக்க வேண்டாம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாருங்கள். கடற்கரைச் சாலையில் வண்டி விட மாட்டார்கள், தூண்களை நிதானமாகச் சுற்றி வரலாம்.