ஹாட் டப் மூடி கனத்துவிட்டதா?

கேள்வி: ஏற்காட்டில் சிறிய விடுதி நடத்துகிறோம். வெளியே உள்ள ஹாட் டப்பின் (வெந்நீர்க் குளியல் தொட்டியின்) மூடியைத் தூக்க இப்போது இரண்டு ஆள் தேவைப்படுகிறது. வெயிலில் காயவைத்தும் கனம் குறையவில்லை. புது மூடியில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: உள்ளிருக்கும் தெர்மோகோல் பலகை நீர் குடித்துவிட்டது. மழையைவிடத் தொட்டியின் ஆவிதான் இதற்கு முக்கியக் காரணம். பலகையைச் சுற்றிய பிளாஸ்டிக் உறையில் ஒட்டு விட்டதும் ஆவி நுழைந்து, உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகிறது. ஊறிய பலகை சூட்டைக் காக்காது. கரண்ட் பில்தான் ஏறும். மாற்றிவிடுங்கள்.

பழைய மூடியை மட்டும் நம்பி அளவு கொடுக்காதீர்கள், அது உருமாறியிருக்கும். தொட்டி விளிம்பின் வெளி ஓரங்களுக்கு இடையே நீளம், அகலம் எடுங்கள். தப்பு நடப்பது பெரும்பாலும் மூலை வளைவில்தான். இரு பக்கத்தையும் ஒட்டி நேரான சட்டம் வையுங்கள். அவை சந்திக்கும் புள்ளியிலிருந்து வளைவு தொடங்கும் இடம்வரை உள்ள தூரமே ஆரம். தொங்கும் ஓரத்துணியின் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டுக் குளிருக்கு நடுவில் 5 அங்குலம், ஓரத்தில் 3 அங்குலம் என்று சரிந்த பலகை நல்லது, மழைநீர் தேங்காது. அடர்த்தி கன மீட்டருக்கு 24 கிலோவுக்குக் குறைய வேண்டாம். நடு மடிப்பில் முழு நீளத்துக்கும் அடைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். முனைகளில் மட்டும் இருந்தால் சூடு மடிப்பு வழியாகவே போய்விடும்.

குளோரின் அதிகம் போடும் நாளில் 20 நிமிடமாவது மூடியைத் திறந்து வையுங்கள், அடித்துணி நொறுங்காது. குழந்தைகள் வரும் விடுதி என்பதால் பூட்டுப் பட்டை இல்லாத மூடியை வாங்கவே வாங்காதீர்கள்.