இருவர் மணிநேரத்தையும் கூட்டி 750 காட்டலாமா?

நீங்கள் முழுநேர ஐடி வேலை, மனைவி டெக்சாஸில் மூன்று வாடகை வீடுகளைக் கவனிக்கிறார். வாடகை நஷ்டத்தைச் சம்பள வருமானத்தில் கழிக்க அமெரிக்க வரிச் சட்டம் கேட்கும் ‘ரியல் எஸ்டேட் புரொபஷனல்’ தகுதிக்கு, இருவர் நேரத்தையும் கூட்டினால் 750 மணி தாண்டும் என்கிறீர்கள். அந்தக் கூட்டல் செல்லாதுங்க. ரியல் எஸ்டேட் வேலையில் ஆண்டுக்கு 750 மணிக்கு மேல், தன் மொத்த உழைப்பு நேரத்தில் பாதிக்கு மேல்: இரண்டையும் ஒருவரே தனியாகத் தாண்டணும். உங்கள் வேலையோடு அது உங்களுக்கு நடக்காது, மனைவிக்கு நடக்கலாம். உங்கள் மணிகளும் வீணில்லை. வாடகைத் தொழிலில் உண்மையாக ஈடுபட்டீர்களா என்ற அடுத்த சோதனைக்கு இருவர் நேரமும் சேரும். மூன்று வீட்டையும் ஒரே தொழிலாகக் கருதும்படி வரி ரிட்டர்னோடு ஓர் அறிக்கை இணையுங்கள். இல்லையென்றால் அந்த ஈடுபாட்டை வீடு வீடாக நிரூபிக்கணும்.

இந்த மணிக்கணக்கை வரி தாக்கல் நேரத்தில், மார்ச்சில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். அன்றாடப் பதிவு கட்டாயம் என்று விதி சொல்லவில்லைதான். ஆனால் பின்னால் எழுதிய குத்துமதிப்புக் கணக்குகளை அமெரிக்க வரி நீதிமன்றம் திரும்பத் திரும்பத் தள்ளியிருக்கிறது. தேதி, எந்த வீடு, என்ன வேலை, எவ்வளவு நேரம் என்று வாராவாரம் மனைவியே எழுதட்டும். பிளம்பருக்கு அனுப்பிய மெசேஜ், கடை ரசீது எல்லாம் கூடவே இருக்கட்டும், ஆடிட் வந்தால் அவைதான் பேசும். வாடகைதாரர் கூப்பிடுவாரோ என்று காத்திருந்த நேரத்தைச் சேர்க்காதீர்கள், அது கணக்கில் வராது.