391 பகா எண்ணா இல்லையா என்று வேகமாகக் கண்டுபிடிக்க வழி உண்டா?

391-ஐப் பகா எண் என்று மகன் எழுதிவிட்டான், 2 முதல் 390 வரை வகுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. 19 வரை பார்த்தால் போதும், அதிலும் பகா எண்களை மட்டும். 2, 3, 5 ஆகியவற்றால் வகுபடாது என்பது பார்த்ததுமே தெரிந்துவிடும். 7-ஆல் வகுத்தால் மீதி 6. 11-க்கும் மீதி 6. 13-க்கு மீதி 1. 17-ஆல் வகுத்தால் மீதியே இல்லை. 17 × 23 = 391. ஆகவே இது பகு எண்.

ஏன் 19-ஓடு நிறுத்தலாம்? காரணிகள் ஜோடி ஜோடியாகத்தான் வரும். 36-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 1 × 36, 2 × 18, 3 × 12, 4 × 9, 6 × 6. அதற்குப் பிறகு 9 × 4, 12 × 3 என்று பழைய ஜோடிகளே தலைகீழாக வரும். 391-க்கும் அதே கதைதான். ஜோடியில் இரண்டு எண்களுமே 20 அல்லது அதற்கு மேல் என்றால் பெருக்கினால் 400-க்குக் குறையாது. அப்படியானால் ஒன்றாவது 20-க்குக் கீழே இருந்தே ஆக வேண்டும்.

உங்கள் மகன் ஏதாவது குறுக்குவழி வீடியோ பார்த்தானா என்று கேளுங்கள். "6-இன் மடங்கோடு 1 கூட்டினாலோ கழித்தாலோ வருவது பகா எண்" என்று அடித்துச் சொல்கிற வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. அவற்றைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். 2, 3 தவிர எல்லாப் பகா எண்களும் அந்த வடிவத்தில்தான் இருக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த வடிவத்தில் இருப்பதெல்லாம் பகா எண் ஆகிவிடாது. 25, 35, 49, 55 எல்லாம் அப்படிப்பட்டவைதான். 391-உம் 6 × 65 + 1 தான்.

நான் இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் என் அக்கா மகள். 113 பகா எண்ணா என்று தேர்வில் கேட்டிருந்தார்கள். "11 × 11 = 121, இது 113-ஐ விடப் பெரியது. எனவே 2, 3, 5, 7 மட்டும் போதும். எதனாலும் வகுபடவில்லை. பகா எண்" என்று எழுதியிருந்தாள். விடை சரி, காரணமும் சரி. டீச்சர் பாதி மார்க்கைக் குறைத்து, "முழுமையாகச் சோதிக்கவில்லை" என்று சிவப்பு மையில் எழுதிவிட்டார். "என்ன சித்தி தப்பு?" என்று பேப்பரை நீட்டினாள் அந்தப் பிள்ளை.

நேரில் போய்ப் பேசினேன். அதே பாடத்தில் எரட்டோஸ்தனிஸ் சல்லடை இருந்தது. 1 முதல் 100 வரை எழுதி, 1-ஐ விட்டுவிட்டு, 2, 3, 5, 7 ஆகியவற்றின் மடங்குகளை அடித்துக்கொண்டே போவோமே, அதுதான். 7-ஓடு அடிப்பதை ஏன் நிறுத்துகிறோம் என்று கேட்டேன். 22, 33, 44 என்று 99 வரை 11-இன் மடங்குகள் எல்லாம் ஏற்கெனவே சின்ன எண்களுக்கு அடிபட்டுப் போயிருக்கும். புதிதாக அடிக்க வேண்டிய முதல் மடங்கு 121, அது கட்டத்திலேயே இல்லை. குழந்தை எழுதியதும் அதே நியாயம்தானே? பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், ஆனால் விடைக்குறிப்பில் இருப்பதுபோல எழுதினால்தான் மார்க் என்று சொல்லிவிட்டார். அந்த அரை மார்க் கடைசிவரை வரவில்லை.

உடனே, ஆசிரியர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கட்டுக் கட்டாகத் திருத்துகிறவர்களின் சிரமம் எனக்குத் தெரியும். நானும் டியூஷன் எடுக்கிறவள்தான். ஆனால் சரியான காரணத்தை எழுதிய பிள்ளைக்கு மார்க்கைக் குறைத்தால், அடுத்த முறை அது காரணம் எழுதாது, மனப்பாடம்தான் பண்ணும்.

"பெரிய எண்களுக்கு இந்த முறை உதவாது" என்று சிலர் சொல்லக்கூடும். ஒப்புக்கொள்கிறேன். 2-இன் 67ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்து வரும் எண் பகு எண் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா 1876-இல் நிறுவிவிட்டார், ஆனால் காரணி எதுவென்று அவருக்குத் தெரியாது. அதை 1903-இல்தான் அமெரிக்கக் கணித அறிஞர் கோல் கண்டுபிடித்தார்: 193707721 × 761838257287. 2002-இல் கான்பூர் ஐஐடியின் அகர்வால், கயால், சக்சேனா மூவரும் எந்த எண்ணையும் பகா எண்ணா என்று சோதிக்க, இலக்கங்கள் கூடினாலும் கட்டுக்கடங்காமல் நீளாத ஒரு முறையைத் தந்தார்கள். ஆனால் நீங்கள் கேட்டது பள்ளிப் பிள்ளையின் கணக்கு. அதற்கு வகுத்துப் பார்ப்பதுதான் சரி.

விடைத்தாளில் மட்டும் ஒன்று செய்யச் சொல்லுங்கள். "20 × 20 = 400, 391-ஐ விடப் பெரியது; எனவே 20-க்குக் கீழுள்ள பகா எண்கள் போதும்" என்ற வரியை முதலில் எழுதட்டும். பிறகு ஒவ்வொரு வகுத்தலுக்கும் மீதியைக் காட்டட்டும். எங்கே நிறுத்தினான், ஏன் நிறுத்தினான் என்பது திருத்துகிறவர் கண்ணில் பட வேண்டும்.