ரக்பியில் பெனால்டி ட்ரையை நடுவர் எப்போது தருவார்? மஞ்சள் அட்டையும் கூடவே வருமா?

ஆமாம், பொதுவாக இரண்டும் சேர்ந்தே வரும். நடுவர் மனதில் ஓடும் கேள்வி ஒன்றுதான்: தப்பு செய்தவர் அங்கே இல்லாதிருந்தால் ட்ரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) விழுந்திருக்குமா? நூறு சதவீதம் உறுதி தேவையில்லை, பெரும்பாலும் விழுந்திருக்கும் என்றால் போதும். உடனே கோல்கம்பங்களுக்கு நடுவே போய்க் கையை உயர்த்துவார். 2017 முதல் நேராக 7 புள்ளிகள், ட்ரைக்குப் பின் கூடுதல் புள்ளிக்காக உதைக்கும் கன்வெர்ஷன் உதை கிடையாது. தப்பு செய்தவர் குறைந்தது 10 நிமிடம் வெளியே உட்கார வேண்டும்; ஆபத்தான ஆட்டம் என்றால் சிவப்பு அட்டை.

2023 உலகக் கோப்பைக் காலிறுதியில் அயர்லாந்தின் மால் (பந்து வைத்திருப்பவரைச் சுற்றி வீரர்கள் நின்றபடி பிணைந்து தள்ளும் கூட்டம்) ட்ரை கோட்டை நோக்கி நகர்ந்தபோது நியூசிலாந்தின் கோடி டெய்லர் அதைச் சரித்தார். நடுவர் வெய்ன் பார்ன்ஸ் பெனால்டி ட்ரையும் மஞ்சள் அட்டையும் கொடுத்தார். ஒரே தப்புக்கு இரட்டைத் தண்டனையா என்று சிலர் முணுமுணுப்பார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. அப்புறமும் நியூசிலாந்து 28-24 என்று ஜெயித்தது வேறு விஷயம்!