கொலைக்கு ஆறு வரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

மூன்று வருடமாகக் கதை எழுதுகிறேன். எல்லாமே வீட்டுக்குள் நடப்பவை. "மோதலே இல்லையே, ஒரு வெட்டுக்குத்தாவது வேண்டாமா?" என்கிறார்கள் நண்பர்கள். சரி என்று ஒரு கொலையை மூன்று பக்கம் எழுதிப் பார்த்தேன். கதையோடு ஒட்டவே இல்லை. வன்முறை இல்லாமல் கதைக்கு வலு வராதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதையை எடுத்து மறுபடி படியுங்கள். கோவலன் வெட்டுப்படுவது ஆறே வரி. வாள் பாய்கிறது, குருதி பரவுகிறது, விழுகிறான். அவ்வளவுதான்.

அந்தக் காதையின் முன்பாதி பெரும்பாலும் வீட்டுக்குள்தான்: சமையல், சாப்பாடு, பேச்சு. கண்ணகி காய் நறுக்குகிறாள், விரல் சிவக்கிறது. அடைக்கலம் தந்த மாதரியின் மகள் ஐயை வைக்கோல் தீ மூட்டித் தருகிறாள். கோவலன் வாழைக் குருத்தில் சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, உன்னை இப்படி அலைய வைத்தேனே என்று வருந்துகிறான். அவள் அழவில்லை. நீங்கள் செய்தது நல்லவர் போற்றாத ஒழுக்கம் என்று நேராகவே சொல்லிவிடுகிறாள். தன் பொய்ச் சிரிப்பைக் கண்டு மாமனாரும் மாமியாரும் உள்ளுக்குள் வருந்தியதையும் சொல்கிறாள். வீட்டுக்குள் மோதல் இல்லை என்பவர்களுக்கு இந்த இடத்தைக் காட்டுங்கள்.

அப்புறம் காவலர்கள். என்னை விடாமல் துரத்தும் இடம் இதுதான். கோவலனைப் பார்த்ததும், இவன் கொலைப்படும் ஆள் இல்லை என்கிறார்கள். சிலம்பைத் திருடியவன் இவன்தான் என்று பொய்ப்பழி போட்ட பொற்கொல்லன் சிரித்துவிட்டு, மந்திரம், தெய்வம், மருந்து என்று கள்வர் கைக்கொள்ளும் எட்டையும் அடுக்குகிறான். ஓர் இளங்காவலன், மழை பெய்த நள்ளிரவில் ஒரு திருடன் தன் கைவாளையே பறித்துக்கொண்டு மறைந்த கதையைச் சொல்கிறான். விட்டால் அரசன் நம்மைத் தண்டிப்பான், என்ன செய்யலாம் சொல்லுங்கள் என்று கேட்கிறான். கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. குடித்திருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவன்.

அவர்கள் தயங்கிய அந்தக் கொஞ்ச நேரத்தில் கோவலன் பிழைத்திருக்கலாம். எத்தனை முறை படித்தாலும் அங்கே வந்ததும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. வெட்டை மூன்று பக்கம் விவரித்திருந்தால் இந்தத் தவிப்பு வராது, அருவருப்புதான் வந்திருக்கும்.

இதற்காக வன்முறையை ஒளித்து எழுதச் சொல்லவில்லை. அந்த ஆறு வரியிலும் ரத்தம் இருக்கிறது. அடுத்து கண்ணகி அந்த உடலைத் தழுவுகிறாள், வழக்குரைக்கிறாள், மதுரை எரிகிறது. விளைவை இளங்கோ எங்கேயும் சுருக்கவில்லை.

உங்கள் மூன்று பக்கத்துக்கு வருகிறேன். வெட்டியவன் அன்று காலை யார் வீட்டில் சாப்பிட்டான்? கூட நின்றவர்களில் யார் வேண்டாம் என்றது? செத்தவனுக்காக வீட்டில் யார் உலை வைத்துக் காத்திருந்தார்கள்? உங்கள் கை நன்றாக ஓடுவது அந்த வீட்டுக்குள்தான். அங்கிருந்து தொடங்குங்கள். கொலையைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம். முடித்ததும் அனுப்புங்கள், படிக்கிறேன்.