வார்டில் உதவாத பாடமா? செவிலியர் கோட்பாடுகள்: கேள்வி பதில்

பல ஆண்டுகள் வார்டில் வேலை பார்த்துவிட்டு இப்போது நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மேடம், நான் பி.எஸ்சி. நர்சிங் முதலாண்டு. நைட்டிங்கேல், ஹெண்டர்சன், ஓரம் என்று செவிலியர் கோட்பாடு எழுதியவர்களை வரிசையாக மனப்பாடம் செய்கிறோம். வார்டில் இதெல்லாம் எதற்கு?

ஒரே நோயாளியை மனதில் வைத்துக்கொண்டு படித்துப் பாரும்மா. சர்க்கரை நோயால் காலில் புண் வந்து படுத்திருக்கிறார் ஒருவர். அவர் கட்டிலுக்குக் காற்றும் வெளிச்சமும் வருகிறதா, சத்தத்தில் தூக்கம் கெடுகிறதா என்று கேட்பவர் நைட்டிங்கேல். 1859-லேயே அதை எழுதிவைத்துவிட்டார். ஹெண்டர்சன் பட்டியலிட்ட மனிதரின் 14 அடிப்படைத் தேவைகளில் மூச்சு, உணவு, தூக்கத்தோடு வழிபாடும் வேலையும்கூட உண்டு. வீட்டுக்குப் போன பிறகு உள்ளங்காலைத் தினமும் அவரே பார்த்துக்கொள்வாரா, இன்சுலின் போடத் தெரியுமா என்பது ஓரமின் கேள்வி. பெரும்பாலும் டாக்டர் ரவுண்ட்ஸில் யாரும் கேட்காத கேள்விகள் இவை. நர்ஸ்தான் கேட்க வேண்டும்.

நைட் டூட்டியில் ஒரு சிஸ்டருக்கு முப்பது, நாற்பது பேர். அன்பாகப் பேசு என்று ஜீன் வாட்சன் சொன்னால் போதுமா?

போதாது. ஆள் பற்றாக்குறைக்கு ஆள் போடுவதுதான் தீர்வு. வாட்சனைக் காட்டி நர்ஸ்களைக் குற்றவாளியாக்குவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் 1979-இல் அவர் முன்வைத்த மனித அக்கறைக் கோட்பாட்டுக்குத் தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை. எப்படியும் ட்ரிப்ஸ் பாட்டிலை மாற்றத்தான் போகிறீர்கள். "பன்னிரண்டாம் பெட்" என்று சொல்லாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். தொடுவதற்கு முன் என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். யூரின் டியூபைப் பார்க்கும் முன் ஸ்கிரீனை இழுத்துவிடுங்கள். "தூங்கினீங்களா?" என்று கேட்டால் பதில் வரும்வரை முகத்தைப் பாருங்கள். வேலை அதேதான்.

அம்மாவுக்குப் பக்கவாதம், வலது கை வரவில்லை. நான் ஊட்டிவிட்டால் சிஸ்டர் தடுக்கிறார். "அவங்களே சாப்பிடட்டும்" என்கிறார். இது கல்நெஞ்சம் இல்லையா?

இல்லைம்மா. ஓரம் உதவியை மூன்று விதமாகப் பிரிக்கிறார்: முழுதும் நாமே செய்வது, பாதி செய்வது, கற்றுக்கொடுத்துத் துணை நிற்பது. தன்னால் முடிந்ததையும் நாம் பிடுங்கிச் செய்தால் இருக்கும் பலமும் போய்விடும்.

முதலில் ஒன்று. விழுங்குவதில் சிக்கல் இல்லை என்று டாக்டர் சொல்லியிருக்க வேண்டும். சாப்பிடும்போது இருமினாலோ, குரல் கரகரத்தாலோ நிறுத்திவிட்டு உடனே சொல்லுங்கள். நிமிர்ந்து உட்கார வைத்து, விளிம்பு உயர்ந்த தட்டில் சிறிது சிறிதாகக் கொடுங்கள்.

நம் ஊரில் இன்னொரு சங்கடமும் உண்டு. வயசானவர்களுக்கு நாலு பேர் பார்க்க இடது கையால் சாப்பிடுவது கூசும். பசிக்கவில்லை என்று தட்டைத் தள்ளிவிடுவார்கள். கேஸ் ஷீட்டில் 'சரியாகச் சாப்பிடவில்லை' என்று மட்டும்தான் ஏறும். திரையை இழுத்துவிட்டு இடது கையில் ஒரு ஸ்பூனைக் கொடுங்கள், பக்கத்திலேயே உட்காருங்கள். உடம்பு, மனசு, பழக்கம் மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது என்று பாடத்தில் வருவது இதுதான்.

அப்பாவுக்குப் புற்றுநோய். மருந்தைக் கூட்டியும் ராத்திரியில் வலி என்று அழுகிறார். மனசு சம்பந்தப்பட்டதா?

அப்படி முடிவுகட்டாதீர்கள். முதலில் டாக்டர் வலியை மறுபடி மதிப்பிடட்டும். மார்ஃபின் என்றால் வலி வரும்வரை காத்திராமல் சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள். மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து கேளுங்கள். அப்புறம், நர்ஸாகத் தொடங்கி டாக்டரான சிசிலி சாண்டர்ஸ், 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பைஸை (இறுதிக்கால நோயாளிகளைக் கவனிக்கும் இல்லம்) திறந்தவர், 'முழு வலி' என்றார். உடம்பு வலியோடு கடன், பிள்ளைகள் கவலை, "எனக்கேன் இது" என்ற கேள்வி எல்லாம் பின்னிக்கிடக்கும். விளக்கு அணைந்ததும் அவை பெரிதாகும். "என்ன நினைச்சிட்டிருக்கீங்கப்பா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருங்கள்.

பிரசவ வார்டில் மாமியார்களின் பத்தியத்தோடு தினமும் சண்டை. என்ன செய்ய?

எல்லாவற்றுக்கும் சண்டை வேண்டாம். பண்பாட்டுக்கேற்ற பராமரிப்பு பற்றிக் கோட்பாடு எழுதிய லைனிங்கர், குடும்பத்தின் பழக்கங்களை அணுக மூன்று வழி சொல்கிறார்: காப்பாற்று, இணங்கிப் போ, மாற்று. பூண்டுக் குழம்பு இருக்கட்டும். பச்சைத் தண்ணீர் கூடாது என்றால் வெந்நீராக நிறையக் குடிக்கட்டும். சீம்பாலைப் பீய்ச்சிவிட்டுக் குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைப்பதை மட்டும் அனுமதிக்கவே கூடாது. அதை மருமகளிடம் சொல்லிப் பயனில்லை. மாமியாரை உட்கார வைத்து, "அம்மா, பேரப்பிள்ளைக்கு முதல் தடுப்பு மருந்தே இதுதான்" என்று அவரிடமே சொல்லுங்கள்.