குலுக்கலில் வந்த தொண்ணூற்றொன்பது பேர்

அன்புள்ள அம்மா,

அயர்லாந்தில் கருக்கலைப்புச் சட்டம் மாறியதற்கு வழிவிட்ட 'குடிமக்கள் அவை' பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என்னால் ஒப்ப முடியவில்லை. தெருவில் போகிற 99 பேரைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அரசியலமைப்பைப் பற்றி அபிப்பிராயம் கேட்பதா? அதற்குத்தானே ஓட்டுப் போட்டு ஆட்களை அனுப்புகிறோம்? எங்கள் ஊர் கிராமசபையில் தீர்மானத்தை முன்பே எழுதிவைத்துக்கொண்டு கையெழுத்து மட்டும் வாங்குகிறார்கள். குலுக்கல் போட்டால் மட்டும் என்ன மாறிவிடும்? மேலும், இது நம் உத்திரமேரூர் குடவோலைதானே? அதைப் பற்றி ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லையே.

ம.,
தேனி மாவட்டம்

அன்புள்ள ம.,

முன்பே எழுதிய தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீடு திரும்பியவருக்கு எந்தக் கூட்டத்தின் மேலும் நம்பிக்கை வராது. உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. அதனால்தான் அந்த அவை எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டப்ளினுக்கு வடக்கே கடலோரம் மாலஹைட் என்று ஓர் ஊர். அங்கே ஓர் ஓட்டல் மண்டபம். 2016 நவம்பரிலிருந்து 2017 ஏப்ரல் வரை, ஐந்து சனி, ஞாயிறுகளை இந்த ஒரே விஷயத்துக்காக ஒதுக்கினார்கள். வயது, பாலினம், வாழும் பகுதி, சமூக நிலை எல்லாம் நாட்டின் கலவையை ஒத்திருக்கும்படி பொறுக்கிய 99 பேர். தலைமை, உச்ச நீதிமன்ற நீதிபதி மேரி லஃபாய். வட்ட மேசைகளில் சிறு குழுக்களாக உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு மேசையிலும் பேச்சை நடத்திக்கொடுக்க ஒருவர், குறிப்பெடுக்க ஒருவர். குரல் பெரிய ஆள் மேசையைப் பிடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது முதலாமவர் வேலை. உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. மருத்துவர்களும் சட்ட அறிஞர்களும் வந்து பேசினார்கள், கேள்விக்குப் பதில் சொன்னார்கள். கருக்கலைப்பை எதிர்க்கும் அமைப்புகளும் ஆதரிக்கும் அமைப்புகளும் ஒரே மேடையில் வாதம் வைத்தன. பொதுமக்களிடமிருந்து 12,000க்கும் மேற்பட்ட மனுக்கள் வந்தன. ஒருநாள் ஆறு பெண்களின் குரல் பதிவுகளை அந்த மண்டபத்தில் ஒலிக்கவிட்டார்கள். இந்தச் சட்டத்துக்குள் நேரடியாக மாட்டிக்கொண்ட பெண்கள். முகம் தெரியாது, குரல் மட்டும். அதை 99 பேரும் ஒன்றாக உட்கார்ந்து கேட்டார்கள்.

எந்தச் சட்டமன்றத்தில் ஓர் உறுப்பினர் ஒரே பொருளை இத்தனை நாள் இப்படிக் கேட்டிருக்கிறார்? தேர்ந்தெடுத்த ஆட்கள் இருக்கும்போது இது எதற்கு என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதற்குள்தான் இருக்கிறது. கருவிலிருக்கும் உயிருக்கும் தாயின் உயிருக்கும் சம உரிமை என்ற எட்டாவது திருத்தம் 1983இல் 66.9 சதவீத வாக்குகளோடு அரசியலமைப்பில் ஏறியது. அதன்பின் அதைத் தொட அரசியல்வாதிகள் நடுங்கினார்கள். 2012இல் அயர்லாந்தின் கால்வே நகரில், கர்நாடகத்திலிருந்து போன பல்மருத்துவர் சவிதா ஹலப்பனவர் கரு கலைந்துகொண்டிருந்த நிலையில் கருக்கலைப்பு கேட்டும் மறுக்கப்பட்டு, ரத்தத்தில் தொற்றுப் பரவி இறந்தார். அவருக்கு வயது 31. அதற்குப் பிறகும் திருத்தத்தில் கைவைக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டுப் போக வேண்டியவருக்கு இருக்கும் பயம் குலுக்கலில் வந்தவருக்கு இல்லை.

ஆனால் ஒன்று. அந்த 99 பேர் சட்டம் இயற்றவில்லை, பரிந்துரைதான் செய்தார்கள். எந்தக் காரணமும் கேட்காமல் கருக்கலைப்பை அனுமதிக்கலாம் என்று 64 சதவீதத்தினர் வாக்களித்தபோது, இவ்வளவு தூரத்துக்கு நாடு வராது என்றுதான் பலரும் பேசினார்கள். பரிந்துரை நாடாளுமன்றக் கூட்டுக்குழுவுக்குப் போய், 2018 மே 25 அன்று மக்கள் முன் வாக்கெடுப்புக்கு வந்தது. 66.4 சதவீதத்தினர் அந்தத் திருத்தத்தை நீக்கினார்கள். கடைசிச் சொல் ஓட்டுப் போட்டவர்களுடையதாகவே இருந்தது.

குலுக்கலிலும் தில்லுமுல்லு நடக்காதா என்று அடுத்து கேட்பீர்கள். நடந்தது. அதே அவைக்குப் பின்னாளில் மாற்று ஆட்களாகச் சேர்க்கப்பட்டவர்களில் ஏழு பேரை, ஆள் பிடிக்கும் பணியிலிருந்த ஒருவர் வீடு வீடாகப் போகாமல், தெரிந்தவர்கள் வழியாகப் போனிலேயே சேர்த்துவிட்டார். 2018 தொடக்கத்தில் அது வெளியே வந்தது, ஏழு பேரையும் நீக்கினார்கள். எனக்கு இதைவிடப் பெரிய கவலை வேறு: எந்த நிபுணரை அழைப்பது என்று யார் முடிவு செய்வது? கருக்கலைப்பை எதிர்த்த அமைப்புகள் அன்றே இதைச் சொல்லிக் குறைப்பட்டன. அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது.

இந்த முறை உடைவது பெரும்பாலும் குலுக்கலில் இல்லை, அரசாங்கத்தின் வாக்குறுதியில்தான். பிரான்ஸில் 2019இல் பருவநிலைக்காக 150 பேரைக் கூட்டினார்கள். பரிந்துரைகளை வடிகட்டாமல் அப்படியே எடுத்துக்கொண்டு போவேன் என்றார் அதிபர் மக்ரோன். 149 பரிந்துரைகள் வந்தன. 2021இல் சட்டமாக வரும்போது பலவும் நீர்த்துப்போயிருந்தன. உறுப்பினர்கள் திரும்பக் கூடி, தங்கள் பரிந்துரைகளை அரசு எந்த அளவுக்கு எடுத்துக்கொண்டது என்பதற்கு மதிப்பெண் போட்டார்கள். சராசரி பத்துக்கு 3.3. மாதக்கணக்கில் தங்கள் வார இறுதிகளைக் கொடுத்தவர்கள் போட்ட மார்க் அது. அயர்லாந்திலும் இப்படி நடந்தது. வீட்டில் பெண்ணின் இடம் பற்றிய பழைய பிரிவை எடுத்துவிட்டு, பராமரிப்பு வேலைக்கு அரசு துணைநிற்கக் கடமைப்பட்டது என்று எழுதுங்கள் என்றது பின்னால் கூடிய ஓர் அவை. அரசாங்கம் அதை 'முயலும்' என்று மாற்றி எழுதியது. மாற்றுத்திறனாளிகள் தரப்பிலிருந்தே எதிர்ப்பு வந்தது. 2024 மார்ச்சில் மக்கள் வாக்கெடுப்பில் 73.9 சதவீதத்தினர் அதை நிராகரித்தார்கள். அவையின் சொற்களை அப்படியே மக்கள் முன் வைத்துப் பார்த்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

குடவோலைக்கு வருகிறேன். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனை எடுக்கச் சொல்லி, எல்லோர் கண்ணெதிரிலும் படித்தார்கள். கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் விலக்கிவைத்தார்கள். இவை எனக்கும் பெருமைதான். ஆனால் குடத்துக்குள் யார் பெயர் போகலாம்? கால்வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிராமணர்களின் சபை. நிலத்தில் உழுதவர் பெயரோ, எந்தப் பெண்ணின் பெயரோ அந்தக் குடத்தைத் தொடவில்லை. மாலஹைட்டில் நடந்ததை அதன் தொடர்ச்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் எழுதவில்லை.

உங்கள் ஊருக்கு அயர்லாந்து வேண்டாம், சட்டமும் மாற வேண்டாம். குப்பைக் கிடங்கு எங்கே, குளத்து மண் யாருக்கு என்று வருடக்கணக்கில் இழுக்கிற ஒரு வழக்கு இருக்கும் இல்லையா? வாக்காளர் பட்டியலிலிருந்து இருபது பேரைக் குலுக்கி எடுங்கள். பாதிப் பேர் பெண்களாகவும், எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் இருக்கும்படியும் பாருங்கள். கூலி போகிறவருக்கு அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள். இரண்டு தரப்பையும் அழைத்து அந்த இருபது பேர் முன்னால் பேசவிடுங்கள். இருபது பேரும் சொல்வதை அடுத்த கிராமசபையில் வாசித்து, தீர்மானத்தை அதன் பிறகு எழுதச் சொல்லுங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.